நாற்பத்திரண்டு வரிகள்

மேடைக்கு அடியில் ஒரு பெட்டி.
அதற்குள் என் தலையும் ஒரு சின்ன விளக்கும்.
மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது என் வேலை.
பத்தொன்பது வருடங்களாக,
வூச் நகரத்தின் பழைய நூற்பாலைக்குள் கட்டிய இந்த அரங்கில்
எல்லாருடைய சாவையும்
அவரவர்க்கு முன்னால்
நான்தான் முணுமுணுத்திருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் இயக்குநர்
ஒரு ஜாஸ் குழுவோடு வந்தார்.
டிரம்ஸ், டபுள் பாஸ், ஒரு டிரம்பெட்.
நாடகமோ முந்நூறு வருடத்துப் பழசு:
ஓர் அரசி, ஒரு தூதன், போருக்குப் போன மகன்.
எழுத்து ஒன்றுகூட மாறக் கூடாது என்றார்.
இசை மட்டும்
வந்த வழியே திரும்ப வரக் கூடாதாம்.

என் பிரதியில் இசைக்கு விட்ட பக்கங்கள் வெள்ளை.
பென்சிலால் "எட்டு தாளவட்டம்" என்று எழுதினேன்.
மறுநாள் அதை அடித்து "முப்பது".
அதற்கும் மறுநாள்
"தெரியவில்லை."

டிரம்பெட் ஊதும் இரெனேயுஷ்
பகலில் டிராம் பழுது பார்ப்பவன்,
நகக்கண் எல்லாம் கிரீஸ்.
நீ தடுக்கினால் உனக்கு யார் எடுத்துக்கொடுப்பது
என்று கேட்டேன்.
"தடுக்கின இடத்திலேயே கொஞ்சம் உட்கார்ந்துகொள்வேன்."
எனக்குப் பிடிக்கவில்லை அந்தப் பதில்.
தடுக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே
எனக்குச் சம்பளம்.

ஒன்பதாம் இரவு. வெளியே மைனஸ் பதினான்கு.
பார்வையாளர்கள் கோட்டைக் கழற்றவில்லை.
அரசியாக ஹால்ஷ்கா, ஜன்னலோரம்.
ஜன்னல் என்றால் வெறும் சட்டம்,
பின்னால் கறுப்புத் துணி.
தூதன் நுழைவதற்கு முன்
இரெனேயுஷ் ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்தான்.
அது மேலே ஏறப் பார்த்தது.
ஏறவில்லை.
இறங்கவும் இல்லை.
பாஸ் விலகி வழிவிட்டது.
டிரம்ஸ் வாசிக்கும் மாஜெனா
குச்சிகளை மடியில் வைத்துவிட்டாள்.

ஹால்ஷ்கா திரும்பினாள்.
தூதன் ஓடிவந்து, மண்டியிட்டு,
வாயைத் திறக்கும்போதே கேட்டாள்:
"வாள் எந்தக் கையில் இருந்தது?"

நாற்பத்திரண்டு வரி தாண்டி வரவேண்டிய கேள்வி அது.

என் விரல் முதல் வரியில் இருந்தது.
படகுகள், புழுதி, உடைந்த பாலம்,
நுரை தள்ளிய குதிரை, அதன் பிறகு மழை,
எல்லாம் கடந்து கடைசியில்தான்
மகனின் பெயர்.
தூதனாக நடிக்கும் டோபியாஷ் என்னைக் குனிந்து பார்த்தான்.
எங்களுக்கிடையே ஒரு முழம்.
கொடு, கொடு என்றன அவன் கண்கள்,
கொடுத்த கடனைக் கேட்பதுபோல.
முதல் சொல் என் நாக்கு நுனியில்
ஈரமாக இருந்தது.

விழுங்கினேன்.
அவளுக்குத்தான் தெரிந்துவிட்டதே,
இனி யாருக்குச் சொல்ல?

டிரம்பெட் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"இடக்கையில்" என்றான் டோபியாஷ்.
பிரதியில் வலக்கை.

"அப்படியானால் அவன்தான்" என்றாள் ஹால்ஷ்கா.
அந்த வரி
எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஒப்பனை அறையில் டோபியாஷ்
பூட்ஸைச் சுவரில் எறிந்தான்.
பதினொரு வாரம் மனப்பாடம் செய்த வரிகள்,
சுடுதண்ணீர்கூட வராத குளியலறையில்
கத்திக் கத்திப் படித்தவை.
ஹால்ஷ்கா மன்னிப்புக் கேட்டாள்.
இயக்குநரோ, நாளைக்கும் இதே மாதிரி என்றார்.
இரெனேயுஷ் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டே
எதே மாதிரி என்று கேட்டான்.
விளையாட்டுக்கில்லை,
அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

பத்தாம் இரவு அவன் ஊதியது வேறு:
வளைவில் திரும்பும் டிராம்,
குழந்தைகள், சில்லறைக் காசு.
ஹால்ஷ்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை.
சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள்,
படகிலிருந்து மழை வரைக்கும்
ஒவ்வொன்றாகக் கேட்டாள்.
பெயர் வந்தபோது
நேற்றைவிடச் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.
டோபியாஷ் ஒரு சொல்லும் தப்பவில்லை.
வலக்கை என்றான், சரியாக.

வெள்ளைப் பக்கத்தின் ஓரத்தில்
"இடக்கை" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
கடைசிக் காட்சிவரை ரப்பர் பெட்டியிலேயே கிடந்தது.
யாராவது என்னைப் பார்த்தால்
கொடுத்துவிடலாம் என்று.